பிரேக் பட்டனில் நகப்பாலிஷ்

அந்த ரிமோட்டின் பேட்டரியைப் போன வாரம்தான் கழற்றினேன். சோப்புக் கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. இடது, வலது, நடுவில் பிரேக் என்று மூன்று பட்டன்கள். நடுப் பட்டனில் மட்டும் சிவப்பு நகப்பாலிஷ் ஒரு சொட்டு, பாதி உரிந்துபோய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி போட்டால் வயது தெரிந்துவிடும் என்று பயந்த ஒருத்தி, கண்ணாடி இல்லாமலே பிரேக் பட்டனைக் கண்டுபிடிக்க வைத்த சொட்டு அது. எங்கள் கம்பெனியில் எல்லாருக்கும் அவள் லைன் அக்கா. முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு ஆலைகளுக்கு நடுவே ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கிற சின்ன கம்பெனி எங்களுடையது. வழியில் நின்றுபோன லாரியை ரெக்கவரி வண்டி இழுத்துக்கொண்டு போகும்போது, இழுபடுகிற லாரியின் பின்னால் தற்காலிகமாக ஒட்டுகிற விளக்குகள்தான் எங்கள் சரக்கு. பேட்டரி செத்த லாரியில் ஒரு விளக்கும் எரியாது. முன்பெல்லாம் பின்னால் வேப்பங்கொத்தும் சிவப்புத் துணியும் கட்டிவிட்டுச் சாமி மேல் பாரத்தைப் போடுவார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் இழுக்கிற வண்டியிலிருந்து நீளமாக ஒயர் விட்டுப் பல்பு மாட்டுவார்கள். அது டயரில் சிக்கி அறுந்துபோகும். எங்கள் விளக்குக்கு ஒயரே கிடையாது. காந்தம் வைத்த இரண்டு விளக்கைப் பின்னால் டப்பென்று ஒட்டவேண்டியது, ஒரு பிளக்கை இழுக்கிற வண்டியின் சாக்கெட்டில் சொருகவேண்டியது. முன்னால் டிரைவர் பிரேக் மிதித்தால் பின்னால் சிவப்பு எரியும். வலது சிக்னல் போட்டால் வலது விளக்கு மினுக்கும். எல்லாம் காற்றிலேயே போகும் என்று என் அம்மாவிடம் சொன்னபோது, "சரி சரி, சம்பளம் மட்டும் காத்துல வராம பாத்துக்கோ" என்றாள்.

இந்த வேலையில் ஒரு முக்கியமான சங்கதி உண்டு. பிளக்குகளும் விளக்குகளும் எங்கள் மேசைக்கு வரும்போது எல்லாவற்றிலும் ஒரே எண்தான் இருக்கும். சோதனை ரிமோட்டிலும் அதே எண். பிரேக் பட்டனை ஒரு தரம் அழுத்தினால் தட்டில் கிடக்கிற அத்தனை விளக்கும் ஒன்றாக எரியும். எரியாததைத் தூக்கி ஓரமாக வைப்போம். அதற்குப் பிறகு வரிசையின் கடைசி சீட்டில், பிளக்கிலும் விளக்கிலும் இருக்கிற பொடிப் பட்டனை அழுத்திப் பிடித்து ஒவ்வொரு டப்பாவுக்கும் தனி எண் போட்டு, அந்தப் பிளக்கையும் அதன் இரண்டு விளக்கையும் ஜோடி சேர்க்கவேண்டும். சேர்த்த பிறகு சோதனை ரிமோட்டை அழுத்தினால் விளக்கு எரியக் கூடாது. தன் பிளக்கைத் தவிர வேறு யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. "கட்டிக் குடுத்தாச்சு, இனிமே நம்ம பேச்ச கேக்காது" என்று சொல்லித்தான் அக்கா டப்பாவை மூட விடுவாள். ஜோடி சேர்த்ததற்கு அடையாளமாகப் பிளக்கின் தலையில் ஒரு சொட்டு நகப்பாலிஷ். அந்தப் பாட்டில் அவளுடைய சொந்தச் சரக்கு. கம்பெனியில் மார்க்கர் பேனா வாங்கிக் கொடுத்தும் அவள் தொடவில்லை. மார்க்கர் வியர்வையில் அழிந்துவிடுமாம்.

அவளைப் பற்றி நல்லதாக மட்டும் எழுதினால் அவளே என் கனவில் வந்து சிரிப்பாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். பொன்னேரிக்குப் பக்கத்துக் கிராமம், கொஞ்சம் நெல்வயல் உள்ள குடும்பம். வீட்டுக்காரர் வயலோடு சரி. காலையில் கம்பெனி வேனில் ஏறும்போதே பவுடரும் மல்லிகைப்பூவுமாக வருவாள். நாங்கள் கொண்டுவரும் நாஷ்டா டப்பாவைத் திறந்து ருசி பார்த்துவிட்டு, "இன்னாடி இது, உப்புமாவா, ஊட்டுக்கு வெள்ளையடிக்கிற சுண்ணாம்பா?" என்பாள். கேட்டுவிட்டு முக்கால் டப்பாவைத் தின்றும்விடுவாள். சால்டரிங்கில் என் கை நடுங்கினால் எல்லார் எதிரிலும் மானத்தை வாங்குவாள். எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் தினமும் வேனைத் தெருமுனையில் நிறுத்தி ரசம் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு அவள் மேல் கோபம் வராத நாளே இல்லை. அவள் லீவு போட்ட நாளில் வேலை ஓடியதும் இல்லை.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது: பர்மனென்ட் ஆகவேண்டும். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவள், ஆனால் காண்ட்ராக்ட் ஆளாகவே இருந்தாள். லைனைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான், அடையாள அட்டையில் மட்டும் வேறு நிறம். அந்த வருடம், வரப்போகிற ஆயுத பூஜையன்று அவளைப் பர்மனென்ட் சூப்பர்வைசர் ஆக்கப்போவதாக முதலாளி எல்லார் முன்னிலையிலும் சொன்னார். மறுவாரமே அக்கா மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப்புடவை எடுத்துவிட்டாள். அதைக் கம்பெனிக்கே கொண்டுவந்து மேசையில் விரித்து, "கை கழுவிக்கினு வந்து தொடுங்கடி" என்று ஒவ்வொருத்தியையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் கடைசி சீட்டுக்காரி அண்ணன் பிள்ளைக்குக் காது குத்து என்று ஒரு வாரம் லீவு போட்டாள். அவள் வேலையை நாங்கள் மாற்றி மாற்றிப் பார்த்தோம். மழைக்கால ஈரத்தில் நகப்பாலிஷ் காயவே இல்லை; டப்பாவில் ஒட்டிக்கொண்டு பேஜாராகப் போனது. அக்காவுக்கு ஒரு யோசனை தோன்றியது. "காலையிலயே எல்லா பிளக்குக்கும் பாலிஷ வெச்சிடுங்க. காஞ்சிக்கினு இருக்கட்டும். அப்புறமா ஜோடி சேத்துக்கலாம்." எங்களுக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. வேலை வேகமாக நடந்தது. சாயந்தரம் டப்பாவில் போடுகிறவள் பிளக்கின் தலையில் சிவப்புச் சொட்டு இருக்கிறதா என்று பார்ப்பாள்; இருந்தது; மூடி அனுப்பினாள்.

அடுத்த வாரம் ஒரு நாள், வேலை முடிந்து வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். கவரைப்பேட்டை தாண்டியதும் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. மேற்கே வானம் சிவந்து, மழை வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். எங்களுக்கு முன்னால் ஒரு ரெக்கவரி வண்டி, அதன் பின்னால் இழுபடுகிற பெரிய லாரி. லாரியின் பின்பலகையில் எங்கள் விளக்கு! நாங்கள் செய்ததை ரோட்டில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆரணியிலிருந்து வருகிறவள் ஒருத்தி எங்களோடு இருந்தாள், அவள் சீட்டை விட்டு எழுந்து, "அக்கா, நம்ம லைட்டுக்கா! நம்ம லைட்டு!" என்று கத்தினாள். வேன் முழுக்கச் சிரிப்பு. அந்த நேரம் பார்த்து வலது விளக்கு பளிச் பளிச்சென்று மினுக்க ஆரம்பித்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் லாரி வலது பக்கம் திரும்பவில்லை. திரும்ப அங்கே வழியும் இல்லை. அக்கா தன் மடியிலிருந்த கைப்பையைப் பார்த்தாள். சோதனை ரிமோட்டை நைட் ஷிப்ட் ஆட்கள் தொலைத்துவிடுவார்கள் என்று அவள் பையிலேயே வைத்துக்கொண்டு போவது வழக்கம். பையின் மேல் என் டிபன் கேரியர் உட்கார்ந்திருந்தது. அவள் கேரியரை நகர்த்தினாள், மினுக்குவது நின்றது. ரிமோட்டை வெளியே எடுத்து நடுப் பட்டனை அழுத்தினாள். லாரியின் பின்னால் இரண்டு விளக்கும் சிவப்பாக எரிந்தன. எல்லாரும் கை தட்டினோம். அக்கா தட்டவில்லை.

"வண்டிய ஓரங்கட்டுப்பா" என்றாள் டிரைவரிடம்.

நெரிசலுக்கு நடுவே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். ரெக்கவரி வண்டியின் கதவை அவள் தட்டியதும் டிரைவர் எட்டிப் பார்த்தார். ஆந்திர எல்லைப் பக்கத்து ஆள். "இன்னாம்மா, நடு ரோட்ல? லிப்ட்டு வோணுமா?"

"நைனா, பின்னாடி சொருகியிருக்கிற பிளக்க கொஞ்சம் கழட்டிக் குடு. நாங்க அந்த லைட்டு செய்ற கம்பெனி."

"நல்லாத்தான எரிஞ்சிக்கினு கீது?"

"எங்க ரிமோட்டுக்கு எரியுது நைனா. எரியக் கூடாது."

பிளக்கைக் கையில் வாங்கி அதன் தலையைப் பார்த்தாள். சிவப்புச் சொட்டு அழகாகக் காய்ந்து பளபளவென்று இருந்தது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். பாலிஷ் காய்ந்த பிறகு ஜோடி சேர்க்கவேண்டிய பிளக் அது, யாரும் சேர்க்கவில்லை. ஒருத்தி அடுத்தவள் சேர்த்திருப்பாள் என்று நினைத்தாள், சொட்டைப் பார்த்தவள் எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். அந்த வாரம் வெளியே போன டப்பாக்கள் எல்லாமே ஒரே எண்ணோடு போயிருந்தன. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்டி போனால், ஒருவன் மிதிக்கிற பிரேக்குக்கு இன்னொருவன் லாரியில் சிவப்பு எரியும். ஒருவன் போடுகிற சிக்னலைப் பார்த்து இன்னொருவன் லாரிக்குப் பின்னால் வருகிறவன் ஒதுங்குவான்.

அங்கேயே, ரோட்டோரத்தில் உட்கார்ந்து அந்த ஒரு டப்பாவுக்கு ஜோடி சேர்த்தாள். பிளக்கைச் சொருகச் சொல்லி டிரைவரைப் பிரேக் மிதிக்க வைத்தாள்; எரிந்தது. பிறகு தன் ரிமோட்டை அழுத்தினாள், எரியவில்லை. "எரியலடி. வா" என்று எழுந்தாள்.

வேனில் ஏறி நடந்ததைச் சொன்னோம். ஆரணிக்காரிதான் மெதுவாகச் சொன்னாள்: "வுட்டுடுக்கா. யாருக்குத் தெரியப்போவுது? ஆயுத பூஜைக்கு இன்னும் எத்தினி நாள் கீது? அது முடிஞ்சதும் நம்மளே போயி சரி பண்ணிக்கலாம்." அதில் நியாயம் இல்லை என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தச்சூர் கூட்டு ரோடு வருவதற்குள் போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டாள்.

"சார், போன வாரம் போன சரக்கு ஒண்ணும் ஜோடி சேரல... இல்ல சார், பொண்ணுங்க மேல தப்பில்ல. பாலிஷ மின்னாடியே வைக்கச் சொன்னது நான்தான்... ஆமா சார், நான்தான்."

பேசி முடித்ததும் தண்ணீர் கேட்டாள். பாட்டிலைக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "புடவைக்கு ஜாக்கெட்டு வேற தெக்கக் குடுத்துட்டேன்டி" என்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் அழவில்லை.

மறுநாளிலிருந்து கம்பெனி வேலையை நிறுத்திவிட்டு, ரெக்கவரி வண்டிகள் நிற்கிற இடங்களுக்கெல்லாம் போனோம். கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனையில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றில் பிரேக் மிதித்துக் காட்டச் சொன்னாள் அக்கா. இரண்டின் பின்னாலும் விளக்கு எரிந்தது. டிரைவர்கள் ஏதோ மாயவித்தை பார்ப்பதுபோலச் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிப்பதைப் பாதியில் நிறுத்தினார். "முந்தாநாள் நான் நேராதான் போய்க்கினு இருந்தேன். பின்னாடி வந்த பஸ்காரன் தடுமாறி வந்து, வாய்க்கு வந்தபடி திட்டிட்டுப் போனான். இன்னாத்துக்குத் திட்டினான்னு இப்பத்தான் புரியுது" என்றார். அக்கா அவரைப் பார்த்துக் கை கூப்பினாள். யார் முன்னாலும் வணங்காத அவள் அப்படி நின்றது எனக்கு என்னவோபோல் இருந்தது.

மூன்று டப்பாக்கள் மட்டும் அகப்படவில்லை. மாதவரம் பக்கம் ஒரு கடையில் யாரோ வாங்கிப்போனார்கள், யார் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களுக்கு மாலை போட்டு, பொரியும் கடலையும் படைத்து, டிப்ளமா படித்த ஒரு தம்பியை முதலாளி சூப்பர்வைசர் என்று அறிமுகப்படுத்தினார். முதலாளியைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. அக்காவை வேலையை விட்டு நிறுத்தாமல் வைத்திருந்தாரே என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அந்தப் பொரிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே பையில் போட்டுக்கொண்டேன். அக்கா அன்றைக்கு மயில்கழுத்துப் பட்டைக் கட்டிக்கொண்டுதான் வந்தாள். நாங்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து புடவையையே பார்த்தோம். "இன்னாடி மொறைக்கிறீங்க? கட்டாம வெச்சா பூச்சி அரிச்சிடும்" என்றாள். புது சூப்பர்வைசர் தம்பிக்கு முதல் பொரிப் பொட்டலத்தை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். போகும்போதும் வரும்போதும் ரிமோட்டைக் கையிலேயே வைத்திருப்பாள். எந்த வண்டி எந்த வண்டியை இழுத்துக்கொண்டு போனாலும், பின்னால் எங்கள் விளக்கு இருந்தால் ஜன்னல் வழியாகப் பிரேக் பட்டனை அழுத்துவாள். எரியாவிட்டால் "எரியலடி" என்று சாய்ந்து உட்காருவாள். எங்கள் டிரைவர் அண்ணனுக்கும் அது பழகிவிட்டது. ரெக்கவரி வண்டி கண்ணில் பட்டால் யாரும் சொல்லாமலே வேகத்தைக் குறைப்பார். ஆரம்பத்தில் நாங்கள் கேலி செய்தோம். ஊரான் லாரிக்கெல்லாம் கண்ணடிக்கிறாள் என்று ஆரணிக்காரி சொல்லுவாள். ஆனால் அப்படித்தான் ஒரு டப்பா பெரியபாளையத்துக்கு ஆடி மாதக் கூட்டம் போகிற ரோட்டில் அகப்பட்டது. இன்னொன்று இரண்டு வருடம் கழித்து ஆரம்பாக்கத்தில். இரண்டு தடவையும் இறங்கி, பிளக்கை வாங்கி, ஜோடி சேர்த்து, கடைசியில் ரிமோட்டை அழுத்திப் பார்த்து, "எரியலடி. வா" என்றாள். அந்த இரண்டு நாளும் வேனில் எங்களுக்கு மிட்டாய் கிடைத்தது.

மீதி இருந்தது ஒன்றே ஒன்று. டிப்ளமா தம்பி அவளிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார்: "அக்கா, அதே நம்பர்ல வெளிய வேற செட்டே இல்ல. அந்த ஒண்ணால யாருக்கும் ஒண்ணும் ஆவாது. வுட்டுடுங்க." அவர் சொன்னது சரிதான். அக்காவும் தலையாட்டினாள். வேனில் என்னிடம் மட்டும், "அவனுக்கு இன்னா தெரியும்? ஒண்ணு இருந்தாலும் அது நம்ம கையால போனதுதானடி" என்றாள்.

முட்டி வலி வந்து அவள் வேலையை விட்டபோது ரிமோட்டை என்னிடம் கொடுத்தாள். முதலாளி அனுமதித்தார், லைனில் வேறு எண்ணோடு புது ரிமோட் வந்துவிட்டிருந்தது. அதன் பிறகு தினமும் சாயந்தரம், எங்கள் வேன் கூட்டு ரோட்டை நெருங்குகிற நேரத்துக்குச் சரியாக எனக்குப் போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"எரிஞ்சிச்சா?"

"எரியலக்கா."

"சரி, வெச்சிடு."

எத்தனையோ நாள் எரிச்சலோடு அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறேன். போன பங்குனியில் அவள் போய்ச் சேர்ந்தாள். மயில்கழுத்துப் பட்டைத்தான் போர்த்தினார்கள். கூட்டு ரோடு வரும்போது கை தானாகப் போனைத் தேடுவது எனக்கு இன்னும் நிற்கவில்லை. டிரைவர் அண்ணனும் வேகத்தைக் குறைப்பதை நிறுத்தவில்லை.

போன வாரம் அப்படித்தான் குறைத்தார். முன்னால் ஒரு டெம்போ, ஜெனரேட்டர் ஏற்றிய சின்ன டிரைலரை இழுத்துக்கொண்டு போனது. கோயில் விழாக்களுக்கு சீரியல் லைட் போடுகிறவர்களின் வண்டி. டிரைலரின் பின்னால் எங்கள் பழைய மாடல் விளக்கு, கண்ணாடியெல்லாம் கீறல் விழுந்து. பழக்கத்தில் அழுத்தினேன். இரண்டும் சிவப்பாக எரிந்தன.

டிரைவர் அண்ணன் ஒன்றும் கேட்காமல் ஹாரன் அடித்து டெம்போவை ஓரங்கட்ட வைத்தார். ஒரு கணவனும் மனைவியும் இறங்கினார்கள். நாயுடுபேட்டையில் யாரிடமோ செகண்ட் ஹேண்டில் வாங்கினார்களாம். பிளக்கைக் கழற்றிக் கொடுத்தார்கள். அதன் தலையில் அந்தச் சொட்டு, அழுக்கேறி, ஆனாலும் சிவப்பாகவே இருந்தது. அந்த அம்மா, "இன்னா தப்பு இதுல? நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார். உண்மையில் ஒரு தப்பும் இல்லை. அதை அப்படியே விட்டாலும் ஒருவருக்கும் ஒரு தீங்கும் வராது. உலகத்தில் அக்காவின் ரிமோட்டுக்குப் பதில் சொல்ல மிச்சமிருந்தது அது ஒன்றுதான். விட்டுவிடலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. இன்னொரு தடவை அழுத்தினேன். எரிந்தது. இன்னொரு தடவை.

பிறகு அவள் செய்ததுபோலவே ரோட்டோரத்தில் உட்கார்ந்து, புது எண் போட்டு ஜோடி சேர்த்தேன். டெம்போக்காரரைப் பிரேக் மிதிக்கச் சொன்னேன், எரிந்தது. கடைசியாக ரிமோட்டை எடுத்து, உரிந்துபோன சிவப்புச் சொட்டின் மேல் கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்தினேன்.

மணியைப் பார்த்தேன். அவள் போன் வருகிற நேரம்தான்.

"எரியலக்கா" என்றேன். டிரைவர் அண்ணன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.